கதைக்காத அம்மா

அத்தியாயம் 7

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

விமலாதேவி இதைச் சொல்வது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைச் சீனி விட்டுவிட்டான். மேசைமேல் தேநீர் ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. பிஸ்கட் தட்டில் பாதி அவன் வயிற்றுக்குள் போயாகிவிட்டது. அந்த அம்மா வாயைத் திறந்தால் லேசில் மூடுகிற ரகமில்லை. மகள் முதன்முதலில் நடை பழகியது, மகளுக்கு அம்மை போட்டது, மகள் ஹாக்கியில் கோப்பை வாங்கியது என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, நடுவில் அழுது, மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள். இந்த வாய் இத்தனை வருஷமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியதா? சீனிக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

அவன் முதலாளி சதாசிவத்துக்கு அதிசயமெல்லாம் கிடையாது. ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் ‘துப்பறியும் அலுவலகம்’ என்று பலகை மாட்டியிருக்கிற மனுஷர். அதற்கு முன் காப்புறுதிக் கம்பெனியில் பொய் நோயாளிகளையும் பொய்த் தீவிபத்துகளையும் மோப்பம் பிடித்துப் பழகியவர். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்துப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் பல பேர். சீனி அவருக்குக் கார் ஓட்டுவான், காப்பி வாங்கி வருவான், பேச்சுக் கொடுத்து ஆளை இளக்குவான். நாற்பதைத் தாண்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவன் வாய் மட்டும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஸ்கந்தராஜாவுக்கும் விமலாதேவிக்கும் வாசுகி ஒரே மகள். ஆனால் பெற்ற மகள் அல்ல. விமலாதேவி பெற்ற குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே கண்ணை மூடிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் வீரம்மா என்று ஒரு தோட்டத்துப் பெண், சிம்பாங் பூலாய்ப் பக்கம் பால்மரம் சீவுகிறவள். புருஷன் இடி விழுந்து செத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குப் பெண் குழந்தை. வீட்டில் ஏற்கெனவே பசித்த வயிறுகள். இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து அழுதார்கள். வீட்டுக்குப் போகும் முன் குழந்தை கட்டில் மாறிவிட்டது. பார்க்க வரமாட்டேன், யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன் என்று வீரம்மா சத்தியம் செய்து கொடுத்தாள். விமலாதேவியும் கணவருக்குத் தெரியாமல் ஒரு சத்தியம் செய்து கொடுத்தாள். வாரம் ஒரு தடவை போன் பண்ணு, பிள்ளையைப் பற்றி எல்லாம் சொல்லுகிறேன் என்று.

அப்படியே நடந்தது. வியாழக்கிழமை பிற்பகலில் ஸ்கந்தராஜா ஆபீசில் இருப்பார். பிள்ளை வளர்ந்த பிறகு அந்த நேரத்துக்கு ஹாக்கித் திடலுக்குப் போய்விடுவாள். அப்போது போன் மணி அடிக்கும். வருஷக்கணக்காக இது ஈ காக்கைக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, போன் வைத்துக் கொஞ்ச நேரத்தில் வாசுகி ஹாக்கி மட்டையும் கையுமாக வீட்டுக்குள் வந்தாள். உட்காரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசினாள். அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு தைப்பிங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பெரிய பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளை திரும்பவும் இல்லை, போனைக் கையில் எடுக்கவும் இல்லை.

“அவர் சொல்லுறார், தோட்டத்து ஆக்களின்ரை வாய் சும்மா இராது எண்டு. வீரம்மாதான் ஆரோடையோ கதைச்சிருப்பாள்,” என்று கணவர் சொன்னதைச் சொன்னாள் விமலாதேவி.

சீனி கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். அவன் அம்மாவும் பால்மரம் சீவியவள்தான். ஊர் ரகசியம் எவ்வளவோ அவளோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கிறது. அதைச் சொல்லலாமா என்று யோசித்து, சதாசிவத்தின் மூடிய கண்களைப் பார்த்துவிட்டு ஆறிய தேநீரை எடுத்துக் குடித்தான்.

விமலாதேவிக்கு வேண்டியதெல்லாம் ஒரு ருசு. வாக்கை மீறியவள் வீரம்மாதான் என்று நிரூபித்துக் கொடுத்தால், அதைக் கொண்டுபோய் மகள் முன்னால் வைப்பாள். பிள்ளை மனம் மாறித் திரும்பி வந்துவிடும். அப்படித்தான் அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

சதாசிவம் கண்ணைத் திறந்தார்.

“பிள்ளை போறப்போ என்ன சொல்லிச்சு? அது சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கம்மா.”

“‘கதை முழுக்கக் கேட்டுட்டன். அதில நீங்கள் ஒரு வார்த்தையும் கதைக்கேல்லை.’ அவ்வளவுதான்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். அதிலென்ன சந்தேகம், இவ்வளவு காலமும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பிள்ளை குறைப்படுகிறாள் என்றாள் விமலாதேவி. யாழ்ப்பாணத்து வீடுகளில் பேச்சுக்குக் கதை என்றுதான் பெயர், பேசுவது கதைப்பது. ஈப்போவில் பிறந்து வளர்ந்த சீனிக்கு இது தெரியாததில்லை.

உள்ளே போன் அடித்தது. அந்த அம்மா எழுந்து போய்ப் பேசிக்கொண்டே திரும்பி வந்தாள். கையில் இருந்த போனில் கம்பியே இல்லை. மேலே ஓர் ஏரியல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சீனி வாயைப் பிளந்தான். கணவர் சிங்கப்பூரில் வாங்கி வந்தது, போன தீபாவளியிலிருந்து இதில்தான் பேச்சு, சமைத்துக்கொண்டே பேசலாம், தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டே பேசலாம் என்று அந்தத் துக்கத்திலும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது.

“என் பொண்டாட்டி கையில இது கிடைச்சா நான் தைப்பிங் போனாலும் விடமாட்டா,” என்றான் சீனி. விமலாதேவி சிரிக்கவில்லை. அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

*

சிம்பாங் பூலாய்க்குப் போகும் வழியில் சீனி சும்மா வரவில்லை. கொலை இல்லை, களவு இல்லை, வழியில் போலீஸ்காரன் நிறுத்தி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டான். ஒரு வாயைத் தேடுகிறோம் என்று சொல், என்றார் சதாசிவம்.

“அப்படிச் சொன்னா என் வாயைத்தான் அண்ணே புடிச்சு உள்ள போடுவான்.”

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவன் அடங்கிப்போனான். அங்கே தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்துக் குவித்திருந்தார்கள். லயத்து வீடுகளின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் சுவர்கள் மட்டும் நின்றன. வீடு கட்டி விற்கிற கம்பெனி ஒன்று நிலத்தை வாங்கிவிட்டதாம். புல்டோசர் ஓட்டிய மலாய்க்காரர், ஆட்கள் எல்லாம் ‘சூடா பிண்டா’, போய்விட்டார்கள் என்று கையை விரித்தார். இங்கேதான் எங்கேயோ வீரம்மா குடித்தனம் செய்திருக்கிறாள். எந்தச் சுவர் அவளுடையது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

வெளியே சந்தியில் ஐயாவு என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் சுவரோடு ஒரு பொதுத் தொலைபேசி. வீரம்மாவின் பெயரைச் சொன்னதும் அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை ஆனால் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு குளித்துத் தலைவாரி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வருவாளாம், கோயிலுக்குப் போகிற மாதிரி. வந்ததும் போனை எடுக்கமாட்டாள். மலையிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு லோரிகள் வரிசையாக வரும் நேரத்துக்காகக் காத்து நிற்பாள். லோரிச் சத்தத்தில் கடைப் பாட்டில்களே ஆடும். அப்போதுதான் நம்பரைச் சுழற்றுவாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவாள்.

“எவனோ ஒருத்தன் இருக்கான்னு நினைச்சேன், பொய் சொல்லக்கூடாது,” என்றார் ஐயாவு. “காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நின்னேன். காத்தாடியக்கூட நிப்பாட்டிப் பாத்தேன். ஒரு எழுத்து விழல தம்பி.”

அவள் கடைசியாகப் பேசிய அன்றைக்கு லோரிக்காகக் காத்திருக்கவில்லையாம். பேசப்பேச அழுதாளாம். வைத்துவிட்டு வந்து இந்தப் படியில் உட்கார்ந்தவளிடம் என்ன என்று ஐயாவு கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

“‘அந்தம்மா வாயில அந்தப் பேச்சு வராதுண்ணே. யாரோ பக்கத்துல நின்னு சொல்ல வச்சிருக்காங்க.’ அவ்வளவுதான் சொன்னிச்சு. என்ன பேச்சுன்னு சொல்லல.”

அடுத்த வியாழக்கிழமையும் வந்தாளாம், அதே துவைத்த சேலையில். நம்பரைச் சுழற்றுவாள், கேட்பாள், வைப்பாள். காசு கீழே திரும்பி விழும். அதையே எடுத்து மறுபடி போடுவாள். அவள் போக வேண்டிய பஸ் வந்து, நின்று, அவளை ஏற்றாமலே போய்விட்டது. அதற்கப்புறம் லயத்தைக் காலி பண்ணிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளோடு தஞ்சோங் மாலிம் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். அங்கே எங்கே என்று ஐயாவுக்குத் தெரியாது.

காரில் ஏறியதும் சீனி, நம்பரை மாற்றிவிட்டார்கள் என்றான். சதாசிவம் தலையை ஆட்டினார். அந்த அம்மா நம்மிடம் அதைச் சொல்லவில்லையே என்று சீனிக்கு ஆத்திரம் பொங்கியது. பெற்ற பிள்ளையைப் பார்க்காமல், அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியவள். இருந்தது அந்த ஒரு நம்பர்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்களே பாவிகள் என்று ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டான்.

“வீரம்மா பக்கத்துக் கதவு நல்லாப் பூட்டித்தான் இருக்கு,” என்றார் சதாசிவம். “சரி, அந்தப் பிள்ளை சொன்னதை நீ சொல்லு பாப்போம். உங்க தோட்டத்துத் தமிழ்ல சொல்லு.”

“கதை முழுக்கக் கேட்டுட்டேன். அதுல நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசல.” சொல்லி முடித்த சீனி காரை ஓரமாக நிறுத்தினான். “எந்தக் கதையில அண்ணே?”

“அதான். விமலாம்மா தன் வீட்டுத் தமிழ்ல எடுத்துக்கிட்டாங்க. பிள்ளை நிஜமாவே ஒரு கதையைத்தான் சொல்லுது. அந்தம்மா வாயே திறக்காத ஒரு கதை.”

“விமலாம்மாவா? வாய் திறக்காமலா? அப்படிக் கதை எழுத ஒருத்தன் பொறந்து வரணும்.”

அதுதான் நமக்குக் கிடைத்த நூல் என்றார் சதாசிவம். வீட்டில் ஒளிந்து நின்று கேட்டவனுக்கு விமலாதேவி பேசியது மட்டும்தான் கேட்டிருக்கும். சந்தியில் நின்று கேட்டவனுக்கு வீரம்மா பேசியது மட்டும் கேட்டிருக்கும், ஆனால் அங்கே லோரி கத்துகிறது. இரண்டு பேரில் ஒருத்தி சொல்லியிருந்தால் இரண்டு பேர் பேச்சும் கதையில் இருக்கும். வீரம்மா பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கிற இடம் ஒன்று எங்கேயோ இருக்கிறது.

ஐயாவு கடைக்கே திரும்பிப் போய், அந்தப் பொதுத் தொலைபேசியிலிருந்தே சதாசிவம் விமலாதேவியைக் கூப்பிட்டுக் கேட்டார். வாசுகிக்குக் கதை சொல்கிற ஆள் யாராவது உண்டா? பின்சந்தில் கச்சாங் பூத்தே என்று கடலை வறுத்து விற்கிற இருளாயி என்று ஒருத்தி, பிள்ளை அங்கே போய்க் கச்சாங் வாங்கித் தின்றுகொண்டு ரேடியோ நாடகக் கதை கேட்டுக்கொண்டிருப்பாள், எத்தனை தரம் சொல்லியும் கேட்கமாட்டாள் என்று பதில் வந்தது.

*

இருளாயியின் பலகை வீடு ஸ்கந்தராஜா வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு கால்வாயைத் தாண்டினால் வந்துவிடும். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் யானைக்காலாக வீங்கிக் கிடந்ததால் எங்கேயும் போகமாட்டாள். உட்கார்ந்த இடத்தில் கடலையும் முறுக்கும் பொட்டலம் கட்டுவாள். கையெட்டும் இடத்தில் ஒரு பழைய ரேடியோ. சைக்கிளில் கச்சாங் விற்கிறவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வீட்டில் ஆள் வந்துகொண்டே இருக்கும்.

சீனி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்தான். உங்கள் கச்சாங்கைவிடக் கதைக்குத்தான் கிராக்கி அதிகமாமே என்று ஆரம்பித்து வைத்தான். அவ்வளவு போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை நாடகந்தான் தம்பி எல்லாத்துலயும் உசத்தி என்றாள் இருளாயி. அது வழக்கமான இடத்தில் வராது. ரேடியோவில் நூல் தளர்ந்துபோய் முள் ஒரு நாள் தானாகக் கடைசிக்கு ஓடிப்போய் நின்றது. அங்கே ஒரு பொண்ணு பேசிக்கொண்டிருந்தாள். போன தீபாவளி கழிந்து பிடித்தது அந்த நாடகம். அதற்கப்புறம் வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு மட்டும் முள்ளை அங்கே தள்ளிவைப்பாள். பெத்த பிள்ளையை ஒரு பணக்காரியிடம் கொடுத்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்கிற ஏழைப் பெண்ணின் கதை. அவளைத் தவிர வேறு யாருமே அதில் பேசமாட்டார்கள்.

“‘சாப்புட்டுச்சாம்மா’ன்னு கேக்கும். ‘உயரமாயிருச்சாம்மா’ன்னு கேக்கும். அந்தப் பணக்காரி பதிலே சொல்லமாட்டா. ஒரு வார்த்தை பேசமாட்டா. கல்லு தம்பி, கல்லு. இது பாட்டுக்குத் தானே கேட்டு, தானே சிரிச்சுக்கும். நானும் அந்தப் பிள்ளை வாசுகியும் உக்காந்து அழுவோம். வெள்ளிக்கிழமை கதை கேக்க ஓடியாந்துரும்.”

சீனியின் வாயில் கடலை அப்படியே நின்றது.

ஒரு வாரம் நாடகத்தில் அந்தப் பெண், மழை பெய்தால் பிள்ளைக்கு ஆறாவது விரலை வெட்டிய தழும்பு வலிக்கிறதா என்று கேட்டாளாம். வழக்கம்போல இருளாயி அதை வாசுகியிடம் சொன்னாள். பிள்ளை தன் இடது கையைத் திருப்பிச் சுண்டுவிரல் பக்கம் பார்த்தது. பிறகு கையைப் பின்னால் வைத்துக்கொண்டது. அடுத்த வியாழக்கிழமை ஹாக்கி மட்டையோடு வந்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, தானே முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து போனது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்கு மறுவாரம் நாடகத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே, நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினாள். அதோடு நாடகம் வரவே இல்லை.

“முடிவு சொல்லாமலே நிப்பாட்டிட்டாங்க தம்பி. இது நியாயமா?”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சதாசிவம், முள்ளை அந்தக் கடைசிக்கே தள்ளிவையுங்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தெருமுனைக் காப்பிக் கடையில் ஒரு டெலிபோன் இருப்பதைச் சீனி வரும்போதே பார்த்திருந்தான். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

ரேடியோ கொஞ்ச நேரம் உஸ்ஸென்று இரைந்தது. பிறகு சதாசிவத்தின் குரல் கணீரென்று கேட்டது.

“விமலாம்மா, நான்தான் பேசுறேன். சாப்பிட்டீங்களா?”

பதில் இல்லை. இரைச்சல்.

“அப்படியா. வாசுகி சின்ன வயசுல எப்படி இருக்கும், சொல்லுங்களேன்.”

இரைச்சல் நீண்டுகொண்டே போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா இப்போது மடை திறந்தது போலப் பேசிக்கொண்டிருப்பாள் என்று சீனிக்குத் தெரியும். அம்மை போட்டதையும் கோப்பை வாங்கியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். இங்கே ஒரு மூச்சுக்கூட வரவில்லை. அந்தக் கம்பியில்லாப் போனின் பெட்டி, வெளியிலிருந்து வருகிற குரலை வீடு முழுக்க வீசுகிறது, மதிலைத் தாண்டியும் வீசுகிறது. கையில் பிடித்துப் பேசுகிறவளின் குரல் வேறு அலையில் போகிறது. அது இந்த ரேடியோவுக்கு எட்டாது. வீரம்மா லோரிச் சத்தத்தில் பொத்திப் பொத்திப் பேசியதெல்லாம் நேராக இங்கே வந்து கொட்டியிருக்கிறது.

இருளாயி ரேடியோவைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். இப்போதுதான் அங்கே நின்று பேசிவிட்டுப் போன மனுஷரின் குரலை அடையாளம் தெரியாதவளா அவள்?

“அப்ப அது நாடகம் இல்லையா தம்பி?”

“இல்லக்கா,” என்றான் சீனி.

அவள் ரேடியோவை நிறுத்தினாள். “ஊரு பூராச் சொன்னேனே. அந்தப் பிள்ளைகிட்டயே சொன்னேனே. அந்தம்மாவக் கல்லுன்னு சொன்னேனே.”

உங்கள் மேல் தப்பில்லை அக்கா என்றான் சீனி. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மடியில் இருந்த கடலை கொட்டிக் கிடந்தது. அதைப் பொறுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தவள், கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள்? தெரியவில்லை என்றான் சீனி. அதற்குமேல் அங்கே அவனால் உட்கார முடியவில்லை.

*

விமலாதேவிக்குச் சதாசிவமே எல்லாவற்றையும் சொன்னார். யாரும் சொல்லவில்லை, உங்கள் போன்தான் சொன்னது என்றார். அவள் மேசைமேல் இருந்த அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரகசியம் வெளியே போனது அவளுக்கு இப்போது பெரிதாகப் படவில்லை.

“அப்ப நான் கதைச்சது ஒண்டும் பிள்ளைக்குக் கேக்கேல்லையோ? அவ்வளவும் சொன்னனே. ஒவ்வொரு கிழமையும் சொன்னனே.”

பிறகு ஐயாவு சொன்னதையும் சதாசிவம் சொன்னார். வீரம்மா படியில் உட்கார்ந்து, அந்தம்மா வாயில் அந்தப் பேச்சு வராது என்றதை. அதைக் கேட்டபோதுதான் விமலாதேவி உடைந்தாள். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்றாள். கணவர் நம்பரை மாற்றியது உண்மைதான். ஆனால் ‘நன்றி கெட்டவளே, இனி எனக்குப் போன் எடுக்காதை’ என்று சொன்னது அவளாகவே சொன்னது. பிள்ளை போய்விட்ட வேதனையில் சொன்னது. பழைய நம்பரை இதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

தைப்பிங் போய்ச் சேரும்போது அந்த ஊர் மழை தன் வேலையை ஆரம்பித்திருந்தது. அத்தை வீட்டு முன்னால் காரை நிறுத்தினான் சீனி. சதாசிவம் காரிலேயே இருந்தார். விமலாதேவி குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனாள். வாசலில் வாசுகி நின்றாள், ஒல்லியாக, நெடுநெடுவென்று. தாயும் மகளும் பேசுவதைக் கேட்கக்கூடாது என்று சீனி கண்ணாடியை ஏற்றினான். இந்தப் பழைய காரில் கண்ணாடி என்றைக்கு முழுதாக ஏறியிருக்கிறது? பாதியில் சிக்கிக்கொண்டது. பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

போனைப் பற்றியும், வீரம்மாவைத் திட்டி நம்பரை மாற்றியதைப் பற்றியும், அவள் தஞ்சோங் மாலிம் பக்கம் போய்விட்டதைப் பற்றியும் விமலாதேவி சொன்னது கொஞ்சந்தான். அவசர அவசரமாக அவள் சொன்னதெல்லாம் வேறு. நீ நடை பழகினது எப்போது எண்டு அவ கேட்டவ, நான் சொன்னனான். நீ முதல் கோப்பை வாங்கினபோது அவ போனிலேயே அழுதவ, நானும் அழுதனான். மழைக்குத் தழும்பு வலிக்குதோ எண்டு கேட்டவ, நல்லெண்ணெய் தடவிவிடுறன் எண்டு சொன்னனான். மழையில் நனைந்துகொண்டே, இத்தனை வருஷத்துப் பதில்களையும் ஒரே மூச்சில் மகளிடம் கொட்டினாள். வாசுகி படியிறங்கி வந்து அம்மாவைத் தாழ்வாரத்துக்குள் இழுத்தாள். அப்புறமும் கையை விடவில்லை. கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அப்ப அவவை ஏன் கலைச்சு விட்டீங்கள்?”

“அவ சொல்லிப்போட்டா எண்டு நினைச்சன்.”

“அவ உங்களை அப்பிடி நினைச்சவவோ?”

விமலாதேவி இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். வாசுகி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பெட்டியை எடுக்கவில்லை. நேராகக் காருக்கு வந்து சதாசிவத்தைப் பார்த்தாள். அவர் இறங்கிப் பின்சீட்டுக்கு மாறினார். அவள் சீனிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

எங்கேயம்மா போகவேண்டும் என்று சீனி கேட்டான். வீட்டுக்கு என்றுதான் அவன் எதிர்பார்த்தான்.

“தஞ்சோங் மாலிம். அம்மாவைத் தேடவேணும்.”

‘அம்மா’ என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும், மகள் பின்னாலேயே வந்த விமலாதேவி திறந்த கார்க்கதவைப் பிடித்தபடி மழையில் நின்றுவிட்டாள். சீனி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஓடாத வைப்பரின் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஓம் பிள்ளை,” என்றாள் அவள். “போவம்.” ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.